தாது வருடப் பஞ்சமும் மூன்று எண்களும்: மாணவர் ஆய்வில் சான்று தேடுவதும் எடைபோடுவதும்

கல்லூரி இறுதியாண்டில் எழுத வேண்டிய ஆய்வேட்டுக்குத் 'தாது வருடப் பஞ்சம்' என்று தலைப்பு வைத்துக்கொண்டு கைப்பேசியில் தேடத் தொடங்கும் மாணவர், கால் மணி நேரத்துக்குள் மூன்று எண்களில் வந்து முட்டிக்கொள்வார். 1876 முதல் 1878 வரை நீடித்த அந்தப் பஞ்சத்தில் இறந்தவர்கள் சுமார் 55 லட்சம் பேர் என்று ஓரிடத்தில் இருக்கும். 80 லட்சத்துக்கு மேல் என்று வேறோரிடத்தில். ஒரு கோடியைத் தாண்டும் என்று இன்னோரிடத்தில். மூன்றும் உறுதியான குரலில் சொல்லப்பட்டிருக்கும். மூன்றின் அடியிலும் ஏதோ ஒரு நூலின் பெயரும் இருக்கும். இந்த இடத்தில் சிலர், நடுவில் இருக்கும் எண்தான் பாதுகாப்பானது என்று அதை எடுத்துக்கொள்கிறார்கள். வேறு சிலர், படிப்பவர் மனம் பதைக்கட்டும் என்று பெரிய எண்ணை எடுத்துக்கொள்கிறார்கள். இரண்டுமே சான்றை எடைபோட்டதாகாது. அந்த மூன்று எண்களும் எங்கிருந்து புறப்பட்டு வந்தன, ஒவ்வொன்றும் எதை எண்ணுகிறது என்று கேட்பதிலிருந்துதான் ஆய்வே தொடங்குகிறது.

ஒன்று உண்மை, மற்ற இரண்டும் பொய் என்று கொள்ள வேண்டியதில்லை. பஞ்சம் சென்னை மாகாணத்தோடு நிற்கவில்லை. மைசூரையும், ஐதராபாத்தையும், பம்பாய் மாகாணத்தின் தக்காணப் பகுதியையும் அது வாட்டியது; இரண்டாம் ஆண்டில் வடமேற்கு மாகாணங்கள் வரையிலும் பரவியது. ஒருவர் பிரிட்டிஷாரின் நேரடி ஆட்சிப் பகுதியை மட்டும் எடுத்துக்கொண்டு கணக்கிட்டிருப்பார். இன்னொருவர் சமஸ்தானங்களையும் சேர்த்திருப்பார். ஒருவர் 1878இன் தொடக்கத்தோடு பஞ்சம் முடிந்தது என்று கொள்வார். இன்னொருவர், மழை வந்த பிறகு நலிந்த உடம்புகளைக் கொண்டுபோன காய்ச்சல் சாவுகளையும் பஞ்சத்தின் கணக்கிலேயே எழுதுவார். எந்த நிலப்பரப்பு, எந்த மாதம் முதல் எந்த மாதம் வரை, எந்த முறையில் எண்ணியது என்ற மூன்றும் தெரியாத வரை அந்த எண்ணை ஆய்வேட்டில் எடுத்தாள வழியில்லை. அந்த மூன்றையும் சொல்லாத பக்கம் எவ்வளவு அழகாக அச்சாகியிருந்தாலும், அதை மேற்கோள் காட்டுவதைவிட அது யாரிடமிருந்து எடுத்தது என்று பின்னோக்கிப் போவதே மேல்.

ஆய்வு முறை பற்றிய பாடப்புத்தகங்கள் சான்றுகளை முதன்மைச் சான்று, துணைச் சான்று என்று இரண்டாகப் பிரித்து, முன்னது உயர்ந்தது, பின்னது தாழ்ந்தது, இணையம் எல்லாவற்றுக்கும் அடியில் என்று ஒரு படிக்கட்டு கட்டித் தருகின்றன. அந்தப் படிக்கட்டு முதல் நாளுக்கு உதவும். அதற்கு மேல் உதவாது என்பது என் எண்ணம். ஏனென்றால் ஒரு சான்றின் எடை, அதனிடம் நாம் கேட்கும் கேள்வியைப் பொறுத்து மாறுகிறது. 1877இல் ஒரு மாவட்ட ஆட்சியர் சென்னைக்கு எழுதிய கடிதம், அரசுக்கு எந்தத் தேதியில் எவ்வளவு தெரிந்திருந்தது என்ற கேள்விக்கு மிக நல்ல சான்று. அந்த மாவட்டத்துக் கூலிக்காரக் குடும்பம் எதைத் தின்று உயிர் பிழைத்தது என்ற கேள்விக்கு அரைகுறைச் சான்று. அதே காலத்துப் பஞ்சக் கும்மி ஒன்றை எடுத்தால் நிலைமை அப்படியே தலைகீழாகும்.

ஆகவே தேடுவதற்கு முன்னால் கேள்வியைச் செதுக்கிக்கொள்ள வேண்டும். 'தாது வருடப் பஞ்சம்' என்பது தலைப்புதான், கேள்வியாகாது. 'சேலம் மாவட்டத்தில் பஞ்சத்தால் மக்கள்தொகை எவ்வளவு குறைந்தது, ஏன்?' என்பது கேள்வி. இதில்கூட ஒரு கண்ணி இருக்கிறது. அன்றைய சேலம் மாவட்டம் இன்றைய சேலம் மாவட்டமன்று. இன்றைய தருமபுரி, கிருஷ்ணகிரி, நாமக்கல் மாவட்டங்களும் திருப்பத்தூர் வட்டாரமும் அதற்குள் இருந்தன. தருமபுரி 1965இலும், நாமக்கல் 1997இலும், கிருஷ்ணகிரி 2004இலும் தனி மாவட்டங்களாயின. 1871ஆம் ஆண்டின் சேலத்தை இன்றைய சேலத்தோடு ஒப்பிட்டு ஒரு வரைபடம் போட்டால், வரைபடம் பார்க்க நன்றாக இருக்கும். ஒப்பீடுதான் தவறாக இருக்கும். 'சென்னை மாகாணம்' என்ற சொல்லைத் 'தமிழ்நாடு' என்று மொழிபெயர்த்துவிடுவதும் இதே வகைப் பிழைதான். பஞ்சம் மிகக் கடுமையாகத் தாக்கிய இடங்களில் பெல்லாரி, கர்னூல், கடப்பை ஆகியவை இன்று தமிழ்நாட்டில் இல்லை. அன்று மாகாணத்தில் இருந்தன.

அடுத்தது, எந்தச் சொல்லைப் போட்டுத் தேடுவது என்ற கேள்வி. மாணவர்கள் இதைச் சின்ன விஷயமாக நினைக்கிறார்கள். பாதி ஆய்வுகள் இங்கேயே நின்றுபோகின்றன. தமிழில் இந்தப் பஞ்சம் தாது வருடப் பஞ்சம், தாது வருஷப் பஞ்சம், தாது வருசப் பஞ்சம், தாதுப் பஞ்சம் என்று பல எழுத்தில் கிடக்கிறது. ஒன்றைத் தட்டினால் மற்றது வராது. ஆங்கிலத்திலோ யாரும் தாது என்று எழுதவில்லை. ஆண்டைப் போட்டுச் சென்னைப் பஞ்சம் என்றோ தென்னிந்தியப் பஞ்சம் என்றோதான் எழுதினார்கள். ஊர்ப் பெயர்களும் அப்படித்தான். திருநெல்வேலி என்று இன்றைய ஆங்கில எழுத்தில் தேடினால் 19ஆம் நூற்றாண்டு ஆவணம் ஒன்றும் சிக்காது. டின்னவெல்லி என்று தேட வேண்டும். திருச்சிராப்பள்ளி டிரிச்சினாப்பொலியாகவும், தஞ்சாவூர் டாஞ்சூராகவும், செங்கல்பட்டு சிங்கில்புட்டாகவும் அந்தப் பக்கங்களில் வாழ்கின்றன. இந்தப் பழைய எழுத்துகளை ஒரு தாளில் எழுதி மேசை மேல் ஒட்டிவைத்துக்கொள்வது நல்லது.

தாது என்ற பெயரிலும் எச்சரிக்கை வேண்டும். தமிழ் ஆண்டுகள் அறுபது. சுழன்று சுழன்று வரும். இந்தப் பஞ்சத்தின் தாது 1876 சித்திரையில் பிறந்து 1877 பங்குனியில் முடிந்தது; அதற்கடுத்து வந்தது ஈஸ்வர. ஆகவே 1877 ஆடி மாதத்துச் சாவைப் பற்றிப் பேசும் ஒரு பாடல் ஈஸ்வர வருடம் என்றுதான் சொல்லும், தாது என்று சொல்லாது. தாது என்ற ஒரே சொல்லை வைத்துக்கொண்டு தேடுபவர் பஞ்சத்தின் இரண்டாம் பாதியைத் தவறவிடுவார். அதேபோல் 1816இலும் ஒரு தாது வந்தது, 1936இலும் வந்தது. ஆண்டு அச்சிடப்படாத ஒரு பழைய வெளியீட்டில் தாது என்று இருப்பதை மட்டும் கண்டு 1876 என்று எழுதிவிட முடியாது; உள்ளே வரும் ஆளுநர் பெயர், ரயில், கஞ்சித் தொட்டி போன்ற குறிப்புகள் அந்தக் காலத்தைத்தான் காட்டுகின்றனவா என்று பார்க்க வேண்டும்.

எங்கே தேடுவது என்பதற்கு விடை ஊருக்கு ஊர் மாறும் என்றாலும், சென்னைக்கு ஒருமுறையாவது வர முடிந்தவருக்கு வாய்ப்புகள் கூடுதல். எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகம் 1909இல் சென்னை ஆவண அலுவலகமாகத் தொடங்கியது. மாகாணத்தின் நிலவரி நிர்வாகத்தைக் கவனித்த வருவாய் வாரியத்தின் நடவடிக்கைக் குறிப்புகள் அங்கே உள்ளன. துறைத் தலைவரின் கடிதத்தோடு விண்ணப்பித்து அனுமதி பெற வேண்டியிருக்கும் என்பதால், ஆய்வேட்டைச் சமர்ப்பிக்கும் வாரத்தில் அங்கே போய் நிற்பது வீண். 1896இல் திறக்கப்பட்ட கன்னிமாரா நூலகம், இந்தியாவில் அச்சாகும் நூல்களின் படி சட்டப்படி வந்து சேர வேண்டிய நான்கு நூலகங்களில் ஒன்று. கோட்டையூர் ரோஜா முத்தையா செட்டியார் சேர்த்த நூல்களைக் கொண்டு 1994இல் அமைந்த ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்தில் 19ஆம் நூற்றாண்டுத் தமிழ் அச்சு நூல்கள் ஏராளம். பயணம் செய்ய முடியாதவர்களுக்குத் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகமும், இன்டர்நெட் ஆர்க்கைவும், இந்தியப் பல்கலைக்கழகங்களின் முனைவர் பட்ட ஆய்வேடுகளைத் திரட்டிவைத்திருக்கும் ஷோத்கங்காவும் இருக்கின்றன. ஒளிவருடல் செய்த பழைய தமிழ் நூல்களுக்குள் சொல் தேடல் பெரும்பாலும் கைகொடுப்பதில்லை. 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய ணை, லை, றா போன்ற எழுத்து வடிவங்களைக் கணினி தவறாகப் படித்துவைத்திருக்கும். 'தேடினேன், ஒன்றுமில்லை' என்று எழுதும் முன் பக்கங்களைக் கண்ணால் புரட்டிப் பார்த்தாக வேண்டும்.

இனி ஒரு சான்றைப் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். சென்னை மாகாணத்தில் முதல் முறையான மக்கள்தொகைக் கணக்கெடுப்பு 1871இல் நடந்தது, அடுத்தது 1881இல். பஞ்சம் இரண்டுக்கும் நடுவில் விழுந்தது. முதல் கணக்கெடுப்பில் மாகாணத்தில் ஏறத்தாழ 3 கோடியே 12 லட்சம் பேர். இரண்டாவதில் ஏறத்தாழ 3 கோடியே 8 லட்சம் பேர். கழித்துப் பார்த்தால் 4 லட்சம் குறைவு. ஆகவே பஞ்சத்தில் 4 லட்சம் பேர் இறந்தார்கள் என்று எழுதிவிடலாமா? அரசின் அச்சிட்ட ஆவணம், முதன்மைச் சான்று, எண்ணும் சரி. ஆனால் முடிவு முழுத் தவறு. பத்தாண்டுகளில் இயல்பாகக் கூடியிருக்க வேண்டிய மக்கள்தொகை கூடவில்லை என்பதை இந்தக் கழித்தல் மறைத்துவிடுகிறது. கோதாவரி, கிருஷ்ணா டெல்டாக்களும் மலபாரும் பெரும்பாலும் தப்பித்ததால் அங்கே கூடிய தலைகள், சேலத்திலும் பெல்லாரியிலும் குறைந்த தலைகளை ஈடுசெய்து காட்டுகின்றன. சேலம் மாவட்டத்தை மட்டும் பார்த்தால் 1871இல் ஏறத்தாழ 19 லட்சத்து 67 ஆயிரமாக இருந்தது 1881இல் ஏறத்தாழ 16 லட்சமாக இறங்கியது. ஐந்தில் ஒரு பங்குக்குச் சற்றே குறைந்த வீழ்ச்சி. பக்கத்து மைசூரில் 50 லட்சத்து 55 ஆயிரம், 41 லட்சத்து 86 ஆயிரமானது. மாகாணத்தின் சராசரிக்குள் ஒளிந்திருந்தது மாவட்டத்துக்கு இறங்கியவுடன் வெளியே வருகிறது.

அப்படியானால் சேலத்தில் மூன்றரை லட்சத்துக்கு மேற்பட்டவர்கள் இறந்தார்கள் என்று எழுதலாமா என்றால், அதுவும் முடியாது. குறைந்தவர்களில் ஊரைவிட்டுப் போனவர்கள் உண்டு. இலங்கைக் காப்பித் தோட்டங்களுக்கும் வேறு மாவட்டங்களுக்கும் போனவர்கள் 1881இல் சேலத்தில் எண்ணப்பட்டிருக்க மாட்டார்கள். பஞ்ச ஆண்டுகளில் பிறக்காமல் போன குழந்தைகள் உண்டு. 1871இல் முதன்முறையாக எண்ணியதில் விட்டுப்போனவர்களும் இருப்பார்கள். சரி, சாவுப் பதிவேடு இருக்கிறதே என்று கேட்கலாம். கிராம முன்சீபும் கர்ணமும் எழுதியனுப்பிய அந்தப் பதிவில், ஊரே பிழைப்புத் தேடிப் பெருவழிக்கு வந்துவிட்ட மாதங்களில், சாலையோரத்தில் விழுந்தவரை எந்த ஊர்க் கணக்கில் எழுதுவது என்ற சிக்கல் இருந்தது. சாவின் காரணம் எழுதும் கட்டங்களில் காலரா, அம்மை, காய்ச்சல், வயிற்றுப்போக்கு என்று இருந்ததே தவிரப் பட்டினிக்கென்று ஒரு கட்டம் இல்லை. படிவத்தில் இல்லாத சாவு புள்ளிவிவரத்திலும் இல்லாமல் போனது. இதற்காகப் பதிவேட்டைத் தூக்கிப் போட வேண்டியதில்லை. காலரா எந்த மாதத்தில் உச்சத்துக்குப் போனது என்ற கேள்விக்கு அது இன்றும் நல்ல சான்றுதான்.

விலைவாசிப் பட்டியலிலும் இப்படி ஒரு படுகுழி உண்டு. ஆங்கிலேய அதிகாரிகள் தானிய விலையை, 'ஒரு ரூபாய்க்கு இத்தனை சேர்' என்ற கணக்கில் எழுதினார்கள். இந்த முறையில் எண் இறங்கினால் விலை ஏறுகிறது என்று பொருள். ரூபாய்க்குக் கிடைக்கும் தானியம் குறைகிறது. பட்டியலை மேலோட்டமாகப் பார்த்துவிட்டுப் பஞ்ச காலத்தில் அரிசி விலை பாதியாகச் சரிந்தது என்று எழுதினால், பஞ்சமே நடக்கவில்லை என்று எழுதிய கணக்காகிவிடும். சேர், படி, மரக்கால் ஆகிய அளவுகளும் வட்டாரத்துக்கு வட்டாரம் வேறுபட்டன என்பதால், எந்த ஊர்ப் படி என்று தெரியாமல் இரண்டு மாவட்டங்களின் விலையைப் பக்கத்தில் பக்கத்தில் வைப்பதும் சரியாகாது.

எழுதியவர் யார், யாருக்கு எழுதினார், எதற்காக எழுதினார் என்ற கேள்விகளை எல்லாரும் சொல்லித் தருகிறார்கள். அவை வேலை செய்வதைக் கண்ணால் பார்க்க ரிச்சர்ட் டெம்பிளைவிட நல்ல எடுத்துக்காட்டு கிடைப்பது அரிது. 1873–74 பீகார் பஞ்சத்தின்போது வங்காளத்தின் நிர்வாகப் பொறுப்பில் இருந்த டெம்பிள், பர்மாவிலிருந்து அரிசியைத் தருவித்துச் சாவைப் பெருமளவு தடுத்தார். அதற்காகப் பாராட்டுக்குப் பதில், பணத்தை வாரியிறைத்தார் என்ற பழியைத்தான் சம்பாதித்தார். அதே டெம்பிளை 1877 ஜனவரியில் வைசிராய் லிட்டன் சென்னைக்கு அனுப்பியபோது, நிவாரண வேலை செய்யும் ஆணுக்கு நாளொன்றுக்கு ஒரு ராத்தல் தானியமும் ஓரணாவும் போதும் என்று அவர் கூலியைக் குறைத்தார். ராத்தல் என்றால் இன்றைய கணக்கில் சுமார் 450 கிராம். சென்னை மாகாணத்தின் சுகாதார ஆணையராக இருந்த மருத்துவர் கார்னிஷ், மண் சுமக்கும் ஒருவரின் உடம்பு இதில் நிற்காது என்று எதிர்த்தார். பின்னர் சென்னை அரசு கூலியை ஓரளவு உயர்த்தவும் செய்தது. டெம்பிளின் குறிப்புகளைப் படிக்கும் மாணவர், பீகாரில் பட்ட சூட்டை மறக்காத ஒருவர் சிக்கனத்தை நிரூபிக்க எழுதிய குறிப்புகள் இவை என்பதை நினைவில் வைத்துப் படிப்பார். கார்னிஷைப் படிக்கும்போதும் அதே கேள்வியைக் கேட்க வேண்டும். அவர் 1871 கணக்கெடுப்பின் அறிக்கையை எழுதியவர். மாகாணத்தின் பிறப்பு இறப்புப் புள்ளிகள் வந்து சேர்ந்த மேசைக்குச் சொந்தக்காரர். ஆகவே சாவு பற்றி அவர் சொல்வதற்கு அடிப்படை இருந்தது. கூடவே, தன் துறையின் கருத்தை நிலைநாட்ட வேண்டிய தேவையும் இருந்தது. அடிப்படை, தேவை என்ற இரண்டில் ஒன்று இருப்பதாலேயே மற்றது இல்லாமல் போய்விடாது.

இந்தப் பஞ்சத்தைப் பற்றி அதிகம் மேற்கோள் காட்டப்படும் நூல், வில்லியம் டிக்பி 1878இல் இரண்டு பாகமாக வெளியிட்டது. டிக்பி சென்னையில் 'மெட்ராஸ் டைம்ஸ்' இதழின் ஆசிரியர். பஞ்ச நிவாரண நிதிக் குழுவின் செயலாளராகவும் வேலை பார்த்தவர். கண்ணால் கண்டவர் என்பது அவருடைய பலம். நிவாரண நிதி எப்படிப் பணியாற்றியது என்ற அத்தியாயங்களில் அவர் தம் சொந்த வேலையைப் பற்றித்தான் எழுதுகிறார் என்பதையும் சேர்த்துப் படிக்க வேண்டும். அரசின் தரப்பில் ரிச்சர்ட் ஸ்ட்ரேச்சி தலைமையில் 1878இல் அமைந்த பஞ்ச ஆணையம் 1880இல் அறிக்கை தந்தது. பஞ்சம் வந்தால் அதிகாரிகள் என்ன செய்ய வேண்டும் என்று வகுத்த பின்னாளைய பஞ்ச விதித்தொகுப்புகளுக்கு அதுதான் அடித்தளம். ஆணையத்தின் உறுப்பினர்களான கேர்டும் சல்லிவனும் பெரும்பான்மையோடு ஒத்துப்போகாமல் தனிக் குறிப்பு எழுதினார்கள் என்ற செய்தி மாணவர்களின் கண்ணில் படுவதே இல்லை. அறிக்கையின் சுருக்கத்தை மட்டும் படிப்பதால் வரும் குறை இது. ஒரு குழுவின் அறிக்கை கைக்கு வந்தால் நான் முதலில் கடைசிப் பக்கங்களுக்குப் போவேன். மாறுபட்ட கருத்துகள் அங்கேதான் இருக்கும்.

பல சான்றுகள் ஒரே செய்தியைச் சொன்னால் நம்பலாம் என்பது பொதுவான அறிவுரை. அது பாதிதான் சரி. சேலம் மாவட்டத்துக்கு லே ஃபனு 1883இல் தொகுத்த மாவட்டக் கையேடும், ரிச்சர்ட்ஸ் 1918இல் வெளியிட்ட மாவட்ட விவரச்சுவடியும் ஒரே எண்ணைத் தந்தால், இரண்டு சாட்சிகள் கிடைத்துவிட்டதாக மகிழ முடியாது. பின்னது முன்னதையும் அதே கணக்கெடுப்பையும் கையில் வைத்துக்கொண்டு எழுதப்பட்டது. அதன் பிறகு வந்த நூல்களும், அவற்றிலிருந்து எடுத்த கட்டுரைகளும், அந்தக் கட்டுரைகளிலிருந்து எடுத்த காணொளிகளும் ஐம்பது இருந்தாலும், கிணறு ஒன்றுதான், வாளிகள்தான் பல.

பக்கிங்காம் கால்வாய் இப்படி வாளி மாற்றி வாளி ஊற்றியதில் உருமாறிய ஒரு செய்தி. சோழமண்டலக் கரையோரக் கால்வாய் முழுவதும் தாது வருடப் பஞ்சத்தில் கஞ்சிக்காக வெட்டப்பட்டது என்று பல இடங்களில் படிக்கலாம். கால்வாயின் முதல் பகுதி, சென்னைக்கும் எண்ணூருக்கும் இடையில், 1806 வாக்கிலேயே காக்ரேன் என்பவர் பெயரில் வெட்டப்பட்டுவிட்டது. பிறகு கொஞ்சம் கொஞ்சமாக வடக்கிலும் தெற்கிலும் நீண்டது. பஞ்ச நிவாரண வேலையாக 1877–78இல் தோண்டப்பட்டது கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கும் சுமார் 8 கிலோமீட்டர் துண்டு. அப்போது ஆளுநராக இருந்தவர் பக்கிங்காம் கோமகன் என்பதால் அந்தப் பெயர் முழுக் கால்வாய்க்கும் ஒட்டிக்கொண்டது. செய்தி பொய்யில்லை, துண்டு முழுதாகிவிட்டது. ஏற்றுமதி பற்றிய எண்ணுக்கும் இதே கதி. பஞ்ச காலத்தில் இங்கிலாந்துக்கு ஏற்றுமதியானதாக அடிக்கடி சொல்லப்படும் 64 லட்சம் ஹண்ட்ரட்வெயிட், அதாவது சுமார் 3 லட்சத்து 20 ஆயிரம் டன், கோதுமையின் கணக்கு, இந்தியா முழுவதற்குமானது. அரசின் கொள்கையைப் பற்றிப் பேச அது வலுவான சான்று. சேலத்துக் கேழ்வரகும் கம்பும் கப்பலேறியதற்கு அது சான்றாகாது.

படங்களில் மாணவர்கள் ஏமாறுவது இன்னும் எளிது. எலும்பும் தோலுமாக அமர்ந்திருக்கும் ஒரு குடும்பத்தின் கறுப்பு வெள்ளைப் புகைப்படத்தை எல்லாரும் பார்த்திருப்போம். ராணுவ அதிகாரியாக இருந்த வில்லோபி வாலஸ் ஹூப்பர் 1876–78இல் சென்னை மாகாணத்தில் எடுத்த படங்களில் அது ஒன்று. ஆனால் 1943 வங்கப் பஞ்சம் என்ற தலைப்போடு அந்தப் படங்கள் இணையத்தில் சுற்றிக்கொண்டே இருக்கின்றன. படத்தை வைத்துத் தேடும் வசதியைப் பயன்படுத்தி, ஒரு நூலகமோ அருங்காட்சியகமோ தன் பட்டியலில் அதற்கு என்ன குறிப்பு எழுதியிருக்கிறது என்று பார்த்தால் பத்து நிமிடத்தில் இது தெளிவாகிவிடும். அதற்குப் பிறகும் ஒரு கேள்வி மிஞ்சும். அந்த மனிதர்கள் வரிசையாக, சட்டகத்துக்குள் அடங்கும்படி அமர்த்தப்பட்டிருக்கிறார்கள். நெடுநேரம் அசையாமல் இருக்க வைக்கப்பட்டிருக்கிறார்கள். சோறு கொடுக்காமல் படம் பிடித்தார் என்று ஹூப்பர் அக்காலத்திலேயே ஏச்சு வாங்கினார். ஆகவே அந்தப் படம் பஞ்சத்தைக் காட்டுவதோடு, பஞ்சத்தை யார் எப்படிப் பார்த்தார்கள் என்பதையும் காட்டுகிறது.

பாடல்களையும் வாய்மொழி வழக்குகளையும் 'நம்ப முடியாதவை' என்று ஒதுக்குவதில் எனக்கு உடன்பாடில்லை. கஞ்சித் தொட்டியின் முன்னால் சாதி பார்த்து வரிசை நின்றதையும், எந்தக் கிழங்கைத் தோண்டித் தின்றார்கள் என்பதையும், தாலியை விற்றதையும் வருவாய் வாரியம் எழுதிவைக்கவில்லை. எழுதியிருந்தாலும் அதிகாரியின் மொழியில்தான் எழுதியிருக்கும். கும்மி, சிந்து என்ற வடிவங்களில் காலணாவுக்கும் அரையணாவுக்கும் விற்ற, குஜிலி வெளியீடுகள் எனப்படும் மலிவுச் சிறு நூல்களில் இவை வரக்கூடும். ஆனால் பாடலுக்கு அதன் மரபு உண்டு; எல்லாப் பஞ்சப் பாட்டிலும் திரும்பத் திரும்ப வரும் வரிகளை ஒரு குறிப்பிட்ட ஊரில் நடந்த நிகழ்ச்சி என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. நல்லதங்காள் கதையைப் பாருங்கள். பசி பொறுக்காமல் பிள்ளைகளோடு பிறந்த வீடு தேடிப் போனவள், அண்ணியின் கொடுமையால் அவர்களோடு கிணற்றில் விழுந்த கதை, தமிழ்க் குடும்பங்களுக்குள் பஞ்சம் என்ன செய்தது என்பதை எந்த அறிக்கையையும்விட நெருக்கமாகச் சொல்கிறது. அதைக் கொண்டு 1877இல் இத்தனை பெண்கள் கிணற்றில் விழுந்தார்கள் என்று கணக்கெழுத முடியாது.

விக்கிப்பீடியாவைத் தொடாதே என்று வகுப்பில் சொல்லும் ஆசிரியர்களும் வீட்டுக்குப் போய் அதைத்தான் திறக்கிறார்கள். திறப்பதில் தவறில்லை. கட்டுரையை மேற்கோள் காட்டாமல், அதன் அடிக்குறிப்புகள் வழியாக இறங்கிச் சென்று மூலத்தின் பக்கத்தைத் திறந்து, சொல்லப்பட்ட செய்தி அங்கே உண்மையிலேயே இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஆய்வேடுகளுக்கும் இதே விதி; பட்டம் பெற்ற ஆய்வேடு என்பதற்காக அதிலுள்ள எண் தானாகச் சரியாகிவிடாது.

அண்மைக்காலத்தில் சேர்ந்துள்ள புதிய தொல்லை, கேட்டவுடன் கட்டுரை எழுதித் தரும் செயற்கை நுண்ணறிவுக் கருவிகள் கற்பனையாக உருவாக்கிவிடும் அடிக்குறிப்புகள். அவை பார்வைக்கு அசல் அடிக்குறிப்பைப் போலவே இருக்கும்: இதழின் பெயர், தேதி, பக்க எண் எல்லாம் இருக்கும். 'சுதேசமித்திரன், 1877 ஆகஸ்ட்' என்று ஒரு குறிப்பு வந்தால், இதழின் நடையையோ செய்தியின் பொருத்தத்தையோ ஆராய வேண்டிய தேவையே இல்லை. சுதேசமித்திரன் தொடங்கியதே 1882இல்தான். 1877இல் 'தி இந்து' இப்படி எழுதியது என்றாலும் அதே விடைதான். அது 1878 செப்டம்பரில் பிறந்த இதழ். இதழ் எப்போது தொடங்கியது, ஆசிரியர் எப்போது வாழ்ந்தார், அந்த ஊரில் அந்த அலுவலகம் அப்போது இருந்ததா என்ற சாதாரணக் காலக் கணக்கு, போலி அடிக்குறிப்புகளில் பெரும்பகுதியை வாசலிலேயே நிறுத்திவிடும். எஞ்சியவற்றுக்கு நூலைத் திறந்து பக்கத்தைப் பார்ப்பதைத் தவிர வேறு குறுக்குவழி கிடையாது.

பார்த்ததை எழுதிவைக்கும் முறையும் எடைபோடுதலின் ஒரு பகுதிதான். குறிப்பேட்டில் எண்ணை மட்டும் எழுதினால் மூன்று மாதம் கழித்து அது யாருடைய எண் என்று நமக்கே தெரியாது. நூலின் பெயர், பதிப்பாண்டு, பக்கம், எங்கே பார்த்தது, மூலச் சொற்களில் என்ன இருந்தது, நான் புரிந்துகொண்டது என்ன என்பவற்றைத் தனித்தனி வரியில் எழுத வேண்டும். மூலத்தின் சொற்களும் நம் சொற்களும் ஒரே வரியில் கலந்துவிட்டால், பின்னால் தெரியாமலே திருட்டு எழுத்தாகிவிடும் ஆபத்தும் உண்டு.

இந்த வழியெல்லாம் நடந்த மாணவரின் முதல் வரைவில் இருந்த வாக்கியம் இது: 'தாது வருடப் பஞ்சத்தில் தமிழ்நாட்டில் ஒரு கோடிப் பேர் பட்டினியால் இறந்தனர்.' ஒரு கோடி என்பது தமிழ்நாட்டுக்கு உரியதன்று. எல்லாரும் பட்டினியால் மட்டும் இறக்கவுமில்லை. அன்று அந்தப் பெயரில் ஒரு மாநிலமும் இல்லை. கடைசி வரைவில் அது இப்படி மாறியிருக்கும்: '1871இல் ஏறத்தாழ 19 லட்சத்து 67 ஆயிரமாக இருந்த அன்றைய சேலம் மாவட்டத்தின் மக்கள்தொகை 1881இல் ஏறத்தாழ 16 லட்சமாகக் குறைந்தது, இந்தக் குறைவில் பட்டினியும், காலராவும், காய்ச்சலும், பிறப்பு குறைந்ததும், ஊர்விட்டுப் போனதும் கலந்திருக்கின்றன, இரண்டு கணக்கெடுப்புகளை மட்டும் கொண்டு இவற்றைத் தனித்தனியே பிரிக்க இயலாது.' முதல் வாக்கியத்தைப் போல இதை யாரும் பகிர மாட்டார்கள். வாய்மொழித் தேர்வில் இந்த எண் எங்கிருந்து வந்தது என்று தேர்வாளர் கேட்டால், மாணவர் குறிப்பேட்டைத் திறந்து பக்க எண்ணைச் சொல்வார். ஏன் 1871இலிருந்து தொடங்கினாய் என்று அடுத்த கேள்வி வரும்.